ஆணியில் தொங்கிய ஹெட்லைட்

சுவர் ஆணியில் தொங்கிய ஹெட்லைட் ஒருமுறை கண் சிமிட்டியது.

வயரிங்காரர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பார்க்காதவர்போல மடியிலிருந்த இண்டிகேட்டரைத் துடைக்கத் தொடங்கினார். பட்டறையின் ஷட்டர் முக்கால்வாசி இறங்கிக் கிடந்தது. அதன் அடியில் சாயங்கால வெளிச்சம் ஒரு முழ அகலத்துக்கு உள்ளே வந்து, தரையின் எண்ணெய்க் கறையில் படுத்திருந்தது. தெருவில் ஏதாவது வண்டி திரும்பியிருக்கும், அந்த வெளிச்சம் கண்ணாடியில் பட்டுப் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தெருவில் வண்டிச் சத்தமே கேட்கவில்லை என்பதும் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. அந்த ஹெட்லைட்டுக்கு வயர் கிடையாது. பின்பக்கத்தில் மூன்று பித்தளை நாக்குகள் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தன. ஆறு மாதமாக அது அப்படியேதான் தொங்குகிறது.

மழை வரப்போகிற வாடை அடித்தது. ஈர மண்ணும், பாட்டரி ஆசிடும், பழைய ரப்பரும் கலந்த வாடை. பன்னிரண்டு நாளாக அவர் அந்த வாடைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். யாருடைய வண்டியோ ஸ்டாண்டிலிருந்து நழுவி வலது காலில் விழுந்ததில், தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு. எழுந்து நடக்க வேண்டுமானால் இரண்டு கட்டை, ஒரு சுவர், நிறையப் பொறுமை வேண்டும்.

மனைவி போய் எட்டு வருஷம் ஆகிறது. வீட்டில் அவரும் மகளும்தான். மகள் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை பார்க்கிறாள். இருபத்தாறு வயது, இன்னும் அவருக்குப் பாப்பாதான். அவர் காலை உடைத்துக்கொண்ட நாளிலிருந்து, "உங்க வண்டி சும்மா நின்னு துருப்பிடிக்குது, நான் எடுத்துட்டுப் போறேன்" என்று அவருடைய பழைய மோட்டார் சைக்கிளை அவள்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஆறரைக்கு வந்துவிடுவாள். சந்து முனையிலேயே ஹாரனை இரண்டு தடவை தட்டுவாள். அதைக் கேட்டதும் அவர் தேநீருக்கு அடுப்பைப் பற்றவைப்பார்.

மணி ஆறே கால். போன் அடித்தது.

"அப்பா, உங்க பெரியவர் படுத்துட்டார்."

"யாரு?"

"பெரியவர்ப்பா. உங்க வண்டி. நல்லா ஓடிக்கிட்டு இருந்தவர் பொசுக்குன்னு அணைஞ்சுட்டார். லைட் இல்ல, ஹாரன் இல்ல. கட்டை மாதிரி நிக்கிறார்."

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு. கட்டையாம்."

"அவருக்குக் கேக்காதுப்பா. உசிரே இல்ல."

அவர் சிரித்தார். பழுது என்றால் அவருக்குத் தெரிந்த விஷயம். முப்பது வருஷமாக அவர் சோறு தின்பதே அதில்தான். எல்லா விளக்கும் ஒன்றாகப் போயிருந்தால் தனித்தனி பல்பைத் தேடிப் பயனில்லை. வேர் ஒன்றாகத்தான் இருக்கும். ஃபியூஸ், பாட்டரி முனை, எர்த், சாவி சுவிட்ச். நாலே இடம்.

"பயப்படாதே. இடது பக்கம் சைடு கவரைத் திற. உள்ளே ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும், சுண்டுவிரல் நகம் அளவுக்கு. அதுதான் ஃபியூஸ். போன் லைட்டுக்கு எதிரே பிடிச்சுப் பாரு. உள்ளே கம்பி அறுந்திருக்கா?"

உரசல் சத்தம். அவள் மூச்சு. அதற்குப் பின்னால் காற்று, எங்கோ தகரம் ஆடுகிற சத்தம்.

"அறுந்து போகலப்பா. முடி மாதிரி இருக்கு, முழுசா இருக்கு."

"பாட்டரி முனை ரெண்டையும் கையால திருகிப் பாரு. ஆடுதா?"

"ஆடல. என் பல்லைவிடக் கெட்டியா இருக்கு."

"சரி. சாவியை ஒரு தடவை ஆன் பண்ணு."

க்ளிக் என்று போனில் கேட்டது. அதே நொடியில் சுவரில் ஹெட்லைட் சிவந்தது.

இந்த முறை அது சிமிட்டவில்லை. பல்புக்குள் கம்பி ஒரு நெருப்புப் புழுவைப்போல் மெல்லச் சிவந்து, மஞ்சளாகி, அப்படியே நின்றது. விரிசல் விட்ட கண்ணாடியின் நிழல் எதிர்ச் சுவரில் கிளை பிரிந்த மரம் மாதிரி விழுந்தது.

"ஒண்ணும் வரலப்பா" என்றாள் மகள்.

அவர் சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆஃப் பண்ணு" என்றார்.

க்ளிக். சுவரில் இருட்டு.

"ஆன் பண்ணு."

வெளிச்சம்.

"ஆஃப்."

இருட்டு.

"அப்பா, சாவியை வச்சு விளையாடுறோமா? இருட்டிக்கிட்டு வருது."

எதையும் இரண்டு தடவை சோதிக்காமல் நம்பாதது அவருடைய தொழில் பழக்கம். இப்போது சோதித்தாயிற்று. கரண்ட் தொலைந்து போகாது, ஒரு வழி அடைபட்டால் வேறு வழி பார்த்துக்கொள்ளும் என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்லுவார். அவள் வண்டியில் வர வேண்டியது இங்கே வந்துகொண்டிருக்கிறது. இடையில் பன்னிரண்டு கிலோமீட்டர் வெறுங்காற்று.

"பாப்பா, நீ எங்கே நிக்கிற?"

"குவாரி வளைவுலப்பா. ரோட்டோரக் கம்பி வேலி வளைஞ்சு கிடக்குமே, அந்த இடம்."

அந்த வேலி எப்படி வளைந்தது என்று அவருக்குத் தெரியும்.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு பெண் குட்டி லாரியில் ஒரு வண்டியைக் கொண்டுவந்து இறக்கினாள். வண்டி என்று அதைச் சொல்வது வழக்கத்துக்காகத்தான். அவள் தம்பியுடையது. பொழுது சாய்கிற நேரத்தில் குவாரி வளைவில் திடீரென்று எல்லா விளக்கும் அணைந்து, வேலியில் மோதிப் போய்ச் சேர்ந்துவிட்டான். அழுது முடித்த குரலில் அவள் சொன்னாள்: "அண்ணே, இதுல இருந்து ஒரு திருகாணிகூட மறுபடி ரோட்டுக்குப் போகக் கூடாது. எல்லாத்தையும் உருக்கிடுங்க. எனக்கு வாக்குக் குடுங்க." அவரும் கொடுத்தார்.

சட்டத்தையும் எஞ்சினையும் உருக்கத்தான் அனுப்பினார். வயரிங் கிட்டை மட்டும் அனுப்ப மனம் வரவில்லை. ஒரு கட்டு முழு வயர், ஒட்டில்லாத அசல் செம்பு, நிறம்கூட மங்காமல் நேற்றுச் சுற்றியதுபோல் இருந்தது. இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கும்? அதைவிட, அந்தப் பையனின் விளக்கு ஏன் அணைந்தது என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. டெஸ்ட் லேம்ப்பை வைத்து ஒவ்வொரு வயராக மூன்று ராத்திரி பார்த்தார். எங்கும் பழுதில்லை. பழுதே இல்லாத பொருளை எந்தத் தொழில்காரன் நெருப்பில் போடுவான்? போன மாதம் எலி கடித்துத் தன் வண்டியின் வயர்கள் வீணானபோது, கை தானாக அந்த வயர்க்கட்டை எடுத்துத் தன் வண்டியில் பூட்டியது. அந்தப் பையனின் ஹெட்லைட்டை, கண்ணாடியில் விரிசல் இருந்தாலும், வண்டி வந்த அன்றைக்கே ஆணியில் தொங்கவிட்டிருந்தார்.

வயருக்கு என்ன தெரியும் என்று நினைத்தார். நீங்களும் நானும்கூட அப்படித்தான் நினைத்திருப்போம்.

"பாப்பா, வண்டியை விட்டுட்டு நட."

"என்னது?"

"விட்டுட்டு வா. ரோட்டோட நடந்து வா. யாரையாவது ஆட்டோ கொண்டுவரச் சொல்றேன்."

"மழை தூறுதுப்பா. நாலு கிலோமீட்டருக்கு வீடே கிடையாது. நடக்கறதுக்குப் பதிலா நின்னு சரி பண்ணிடலாம். எர்த்துன்னு ஒண்ணு சொல்லுவீங்களே, அது எங்க இருக்கு?" குரல் தணிந்தது. "அப்பா, இங்க ரப்பர் கருகுற வாடை வருது. வண்டி சில்லுன்னு இருக்கு. ஆனா வாடை வருது."

பட்டறையிலும் அந்த வாடை வந்தது.

"சாவியைத் தொடாதே."

"நான் தொடலயே" என்றாள் மகள்.

சுவரில் ஹெட்லைட் எரிந்துகொண்டிருந்தது.

அவர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கட்டையை ஊன்றி எழுந்தார். எழுந்த வேகத்தில் ஸ்டூல் உருண்டது. ஒரு காலால் தத்தி, வேலை மேஜையைப் பிடித்து, சுவரைப் பிடித்து, ஹெட்லைட்டுக்குக் கீழே வந்து நின்றார். வெளிச்சம் முகத்தில் சுட்டது. எதை அறுப்பது? வயர் இருந்தால் அறுக்கலாம், சுவிட்ச் இருந்தால் அணைக்கலாம். மேஜையிலிருந்து எடுத்த கட்டிங் பிளேயர் கையில் இருந்தது. வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை. பல்ப் ஒன்றுதான் மிச்சம். ஹெட்லைட்டைக் கவிழ்த்து, பின்பக்கம் கைவிட்டு, பல்பை அழுத்தித் திருகி இழுத்தார். விரல்தோல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. அணைந்த பல்ப் கையோடு வந்தது.

"வந்துடுச்சு!" போனில் மகள் கூவினாள். "லைட் வந்துடுச்சுப்பா! ஹாரன் வருது, கேளுங்க!" பாம் பாம் என்று இரண்டு தடவை. "என்னப்பா பண்ணீங்க? அங்க உக்காந்துக்கிட்டே சரி பண்ணிட்டீங்களா?"

"பாப்பா, அதுல ஏறாதே—"

"அடுப்பைப் பத்த வைங்க. அரை மணி நேரத்துல வந்துடறேன்." கிக்கர் உதைக்கிற சத்தம். எஞ்சின் பிடித்தது. போன் பைக்குள் விழுகிற சத்தம்.

பிறகு இணைப்பு அறுந்தது.

அவர் திரும்பக் கூப்பிட்டார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டார். உள்ளங்கையில் ஏதோ சுட்டது. விரித்துப் பார்த்தார்.

பல்ப் எரிந்துகொண்டிருந்தது.

அதை மேஜையில், திருகாணிகளுக்கு நடுவே போட்டார். உருண்டு ஒரு நட்டில் முட்டி நின்றது. அங்கேயும் எரிந்தது. மெல்லக் கூடியது, கொஞ்சம் குறைந்தது, மறுபடி கூடியது. அவருக்கு அந்த ஏற்ற இறக்கம் தெரியும். எஞ்சின் வேகம் கூடினால் விளக்கும் கூடும். கியர் மாற்றினால் ஒரு நொடி தணியும். இப்போது இரண்டாவது கியர். இப்போது மூன்றாவது. மகள் ஓட்டுவதை அவர் பல்பில் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாப் போம்மா என்று பல்பிடம் சொன்னார். பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டார், அவர் எடுக்கவில்லை. ஆட்டோக்காரரைக் கூப்பிட்டார். "சவாரி ஒண்ணு இருக்கு அண்ணே, விட்டுட்டுக் குவாரி வளைவுக்குப் போறேன்" என்றார் அவர்.

பல்ப் கூடியது. கூடிக்கொண்டே போனது. மேஜை வெளுத்தது, சுவர் வெளுத்தது, அவருடைய கை எலும்பெல்லாம் தெரிகிற மாதிரி வெளுத்தது.

அணைந்தது.

அவர் இருட்டில் நின்றார். மழை தகரக் கூரையில் கொட்டத் தொடங்கியது. கூப்பிட்டார். மணி அடித்தது. கூப்பிட்டார். மணி அடித்தது. எத்தனை தடவை என்று அவருக்குத் தெரியாது. கால் வலியில் நிற்க முடியாமல் தரையில் சரிந்து, ஷட்டருக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, ஈரத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் வந்ததெல்லாம் ஒரே வார்த்தைதான். வந்துடு, வந்துடு, வந்துடு.

மேஜையில் பல்ப் சிவந்தது.

சந்து முனையில் ஹாரன். பாம், பாம்.

ஷட்டர் கிறீச்சிட்டு மேலே போனது. ஈரம் சொட்டச் சொட்டப் பழைய வண்டி உள்ளே உருண்டு வந்து, அவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. எஞ்சின் தடதடத்தது. மகள் இறங்கி ஸ்டாண்டைப் போட்டாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். மேஜைப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"ஏன்ப்பா தரையில உக்காந்திருக்கீங்க?"

"எத்தனை தடவை கூப்பிட்டேன். ஏம்மா எடுக்கல?"

"பையில இருந்துச்சுப்பா." அவள் சிரித்தாள். அதே சிரிப்பு, இடது கன்னத்தில் அதே குழி. "வளைவுல மறுபடி லைட் போயிடுச்சு. ஒரே கும்மிருட்டு. அப்புறம் ஒரு பையன் வந்தான். ரொம்பப் பொறுமை, உங்கள மாதிரியே. ஒவ்வொரு வயரா தொட்டுப் பாத்தான். உங்கப்பாகிட்ட சொல்லுங்க, ஃபால்ட் வயர்ல இல்லன்னான்."

வண்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சீட், டேங்க், ஹெல்மெட், எல்லாம் நனைந்திருந்தன. அவள் மேல் ஒரு சொட்டு இல்லை.

எஞ்சின் புகை பட்டறையை நிறைத்தது. அவருக்கு யோசிக்க முடியவில்லை. சத்தம் நின்றால் யோசிக்கலாம் என்று தோன்றியது.

"அப்ப எங்கதான்டா ஃபால்ட்டுன்னு கேட்டேன்ப்பா. அதுக்கு அவன் சொன்—"

அவர் எட்டிச் சாவியைத் திருப்பினார்.

எஞ்சின் நின்றது. பல்ப் அணைந்தது. மழைச் சத்தம் மட்டும்.

"சொல்லும்மா. என்ன சொன்னான்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

தெரு வெளிச்சம் அவள் மேல் லேசாக விழுந்தது. வாய் பாதி திறந்திருந்தது. ஒரு கை, ஏதோ சொல்வதற்காக உயர்ந்து, உயர்ந்தபடியே நின்றது. இமை பாதி இறங்கி நின்றது. மூச்சு இல்லை.

"பாப்பா?"

சாவியைத் திருப்பினார். பல்ப் எரிந்தது.

"—னான், உங்கப்பாவுக்கே தெரியும்னு." கை இறங்கியது. இமை மூடித் திறந்தது. "ஏன்ப்பா அப்படிப் பாக்குறீங்க?"

அவர் வேண்டாம் என்றுதான் நினைத்தார். கடவுளே, வேண்டாம் என்று நினைத்தார். முப்பது வருஷப் பழக்கம் விரலில் இருந்தது. எதையும் இரண்டு தடவை.

ஆஃப்.

சிரிப்பு பாதியில். குழி விழுந்த கன்னம் அப்படியே.

ஆன்.

"அடுப்பைப் பத்த வைக்கலையா? பசிக்குதுப்பா."

இந்த முறை பல்ப் முன்னைவிட மங்கலாக வந்தது.

அவருக்கு விளங்கிவிட்டது. அணைத்தால் ஒவ்வொரு முறையும் குறையும். அணைக்காவிட்டாலும் குறையும். எஞ்சின் ஓடினால் வெளிச்சம் குறையாமல் நிற்கும். எஞ்சின் ஓட வேண்டும். கிக்கர் வலது பக்கம். அவருடைய வலது கால் தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு.

"பாப்பா, வந்து ஒரு கிக் அடிம்மா. ஒரே ஒரு கிக்."

"இதோ வர்றேன்ப்பா." ஒரு கால் எடுத்து வைத்தாள். அடுத்த கால் மெல்ல உயர்ந்தது. ரொம்ப மெல்ல.

அவர் கிக்கரை இரண்டு கையாலும் அழுத்தினார். பாதி இறங்கி, எதிர்த்து உதைத்து, மணிக்கட்டில் அடித்தது. மறுபடி. மறுபடி. மாவுக்கட்டு விரிசல் விட்டு உள்ளே எலும்பு நகர்ந்தது. மேஜைக்கடியிலிருந்த வேறு பாட்டரியை இழுத்து வயர் கொடுத்தார். பல்ப் அசையவில்லை. டெஸ்ட் லேம்ப்பை வண்டியின் பாட்டரி முனையில் வைத்தார். எரியவில்லை. அதில் துளிக் கரண்ட் இல்லை. வந்தபோதே இருந்திருக்காது.

எதில் ஓடுகிறது என்று தெரியவில்லை. எதைக் கொடுப்பது என்று தெரியவில்லை.

"அப்...பா" என்றாள். "ரொம்ப இருட்...டா..."

"எரியுது கண்ணு. லைட் எரியுது. அப்பா இங்கதான் இருக்கேன்."

போன் அடித்தது. தரையில், அவர் முழங்காலுக்குப் பக்கத்தில். ஆட்டோக்காரர். எடுக்காமலே பேச்சு கேட்பதுபோல் இருந்தது அவருக்கு. குவாரி வளைவுல நிக்கிறேன் அண்ணே. அண்ணே, நீங்க உக்காந்துக்குங்க.

அவர் எடுக்கவில்லை. எடுக்கக் கை இல்லை. இரண்டு கையாலும் சாவியைப் பிடித்திருந்தார், யாரோ அதைத் திருப்பிவிட வருவதுபோல.

மேஜையில் பல்ப் ஆரஞ்சு நிறத்துக்கு வந்துவிட்டது. உள்ளே ஒரு கம்பி, முடி அளவு. மகள் ஒரு காலைத் தூக்கியபடி நின்றாள். அந்தப் பாதம் தரையைத் தொட இன்னும் ஒரு விரல் அளவுதான் இருந்தது. முகம் அவரை நோக்கித் திரும்பியிருந்தது. இரண்டு கண்ணுக்குள்ளும் அதே ஆரஞ்சு, அதே முடி அளவு கம்பி.

"ப...சி..." என்றாள்.